இ20 பெட்ரோலும் சின்ன இன்ஜின்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரஷ் கட்டர், பவர் வீடர், மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர், மரம் அறுக்கும் செயின்சா, கரண்ட் போனால் கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் ஜெனரேட்டர் என்று வீட்டிலும் தோட்டத்திலும் இருக்கிற சின்ன இன்ஜின்கள் எல்லாமே பைக்குக்குப் போடும் அதே பெட்ரோலில்தான் ஓடுகின்றன. பைக்கில் ஊற்றியது ஒரு வாரத்தில் எரிந்து தீர்ந்துவிடும். இந்த மெஷின்களில் ஊற்றியது சில நேரம் அடுத்த களையெடுப்பு வரை, சில நேரம் அடுத்த புயல் வரை டேங்கிலேயே கிடக்கும். எத்தனால் என்ற ஆல்கஹால் கலந்த பெட்ரோலில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இப்படிக் கிடப்பதால் வருபவை. கீழே உள்ள பதில்களில் திரும்பத் திரும்ப அந்த இடத்துக்கே வருவேன்.

இப்போது பெட்ரோல் பங்கில் சாதாரண பெட்ரோல் என்று ஊற்றுவது என்ன?

இ20. அதாவது 80 பங்கு பெட்ரோல், 20 பங்கு எத்தனால். எத்தனால் கலப்பது இந்தியாவில் புதிதில்லை. 2003-இலேயே தமிழ்நாடு உட்பட சில மாநிலங்களில் 5 சதவீதக் கலப்பு தொடங்கியது. பல வருடம் அது பெயரளவில்தான் நடந்தது. 2022 ஜூனில் நாடு முழுக்கச் சராசரியாக 10 சதவீதத்தை எட்டியது. 2023 பிப்ரவரியில் இ20 விற்பனையைத் தொடங்கிவைத்தார்கள். 2030-க்கு என்று வைத்திருந்த 20 சதவீத இலக்கை முன்னால் இழுத்து 2025-இல் எட்டிவிட்டார்கள். கலப்பில்லாத பெட்ரோலும் தனியாகக் கிடைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போன மனு 2025 செப்டம்பரில் தள்ளுபடியானது.

பைக், கார்களைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு நடந்தது. தோளில் மாட்டிக்கொண்டு புல் வெட்டுகிறவருடைய மெஷினைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

என் மெஷின் இ20-ஐத் தாங்குமா? எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் கையேட்டைப் பாருங்கள், அதில் எரிபொருள் என்ற பகுதியை. ஹோண்டா, ஸ்டில், பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் போன்ற கம்பெனிகளின் சின்ன இன்ஜின் கையேடுகளில் பல காலமாக எழுதியிருப்பது, எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பதுதான். அண்மையில் வந்த சில மாடல்களில் இ20-க்கு ஏற்றது என்று குறிப்பிட்டே விற்கிறார்கள். அப்படி எழுதியிருந்தால் கவலை பாதி குறைந்தது.

கையேடே இல்லாத மெஷின், பெயர் தெரியாத பிராண்டு, பெட்டி மேல் ஒட்டிய ஸ்டிக்கர் மட்டும்தான் என்றால், இ20-க்குச் செய்யப்படாத மெஷின் என்றே வைத்துக்கொண்டு நடந்துகொள்வது நல்லது. வாங்கும்போதே கடைக்காரரிடம் கேளுங்கள்: "இதில் இ20 போடலாமா? பில்லில் எழுதித் தருவீர்களா?" எழுதித் தரத் தயங்கினால் அதுவே பதில்.

அமெரிக்காவில் 15 சதவீதக் கலப்புக்கு அனுமதி கொடுத்தபோது 2001 மாடலும் அதற்குப் பிந்தையவையுமான கார்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். பைக், படகு, புல்வெட்டி, செயின்சா எதற்கும் அதை ஊற்றக்கூடாது என்று பம்பிலேயே லேபிள் ஒட்டச் சொல்லிவிட்டார்கள். அங்கே 15-க்கே தடை. இங்கே நம் மெஷின்கள் 20-இல் ஓடுகின்றன. இதைச் சொல்வது பயமுறுத்த இல்லை. கவனம் எவ்வளவு தேவை என்பது தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

கவனம் தேவை என்றால், ஓடும்போது அப்படி என்ன ஆகிறது?

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும், ஏனென்றால் அதன் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. அதனால் சுத்தப் பெட்ரோலுக்கு என்று துளை போட்ட கார்புரேட்டரில் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) இ20 போனால், கலவையில் காற்று அதிகமாகவும் எரிபொருள் குறைவாகவும் ஆகிவிடும். கிட்டத்தட்ட 7 சதவீதம் எரிபொருள் பற்றாக்குறை. இதைத்தான் மெக்கானிக்குகள் "லீன் ஆயிடுச்சு" என்பார்கள்.

இப்போதைய பைக், கார்களில் சென்சார் இருக்கிறது; அதுவே பார்த்து எரிபொருளைக் கூட்டிக்கொள்ளும். பிரஷ் கட்டரில் அப்படி எதுவும் கிடையாது. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் ஜெட்டின் துளை எவ்வளவோ அவ்வளவுதான் வரும். லீனாக ஓடும் இன்ஜின் கூடுதலாகச் சூடாகும். காற்றில் குளிரும் இன்ஜின், மே மாத வெயில், ஃபுல் த்ராட்டில் மூன்றும் சேர்ந்தால் பிஸ்டன் கோடு விழுவதற்கு வழி பிறக்கும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி காப்பிப் பொடி நிறத்தில் இருந்தால் சரி. சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் லீனாக ஓடுகிறது. மெயின் ஜெட் ஒரு அளவு பெரிதாகப் போட்டோ, ஸ்க்ரூ வைத்த கார்புரேட்டராக இருந்தால் அதைச் சற்றுத் திறந்தோ சரிசெய்யலாம். இந்த வேலையைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். காதால் கேட்டுத் திருகுவது எல்லோருக்கும் வராது.

இன்னொன்று, இது உயிர் சம்பந்தப்பட்டது. கலவை லீனானால் ஐடிலிங் வேகம், அதாவது விசையைத் தொடாமல் சும்மா ஓடும் வேகம், ஏறலாம். பிரஷ் கட்டரிலும் செயின்சாவிலும் வேகம் ஒரு அளவைத் தாண்டினால் கிளட்ச் தானாகப் பிடிக்கும். நீங்கள் விசையைத் தொடாமலே பிளேடு சுற்றும். ஐடிலில் பிளேடோ செயினோ நகர்ந்தால் அன்றைக்கு அந்த மெஷினைத் தோளில் மாட்டாதீர்கள். ஐடில் ஸ்க்ரூவைக் குறைத்து, பிளேடு அசையாமல் நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வேலை.

ஒரு டேங்குக்கு முன்பைவிடக் குறைந்த நேரம்தான் ஓடுகிறது. இன்ஜின் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள எரிசக்தி பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். கணக்குப் போட்டால் இ20 லிட்டருக்கு 6 முதல் 7 சதவீதம் சக்தி குறைவு. நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே பழைய இருசக்கர வாகனங்களில் 3 முதல் 4 சதவீதம் மைலேஜ் குறையும் என்று சொன்னது. ஓடும் நேரம் அதைவிட அதிகமாகக் குறைந்திருந்தால் ஏர் ஃபில்டரைப் பாருங்கள்.

பெட்ரோலில் தண்ணீர் பிரிகிறது என்கிறார்களே, அது எப்படி?

சுத்தப் பெட்ரோலில் தண்ணீர் கலக்காது. தண்ணீர் அடியில் தனியாக நிற்கும், வடித்துவிடலாம். எத்தனாலுக்குத் தண்ணீர் மேல் ஆசை அதிகம். கொஞ்சம் தண்ணீர் வந்தால் எத்தனால் அதைப் பிடித்துக் கரைத்து வைத்துக்கொள்ளும். பெட்ரோல் தெளிவாகவே இருக்கும், இன்ஜினும் ஓடும். ஓரளவுக்கு இது நல்லதுதான்.

அளவு தாண்டும்போதுதான் விவகாரம். 10 சதவீதக் கலப்பில் ஒரு லிட்டருக்குச் சுமார் 5 மில்லி தண்ணீர் வரை தாங்கும். இ20 அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். அந்த எல்லையைக் கடந்த நொடியில், கரைந்திருந்த தண்ணீர் தனியாகப் போகாது, எத்தனாலையும் இழுத்துக்கொண்டு அடியில் இறங்கிவிடும். இப்போது டேங்கில் இரண்டு அடுக்கு. மேலே எத்தனால் இழந்த, ஆக்டேன் (இன்ஜின் தட்டாமல் எரியும் தன்மையின் அளவு) குறைந்த பெட்ரோல். கீழே தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்த திரவம். எரிபொருள் டியூப் உறிஞ்சுவது அடியிலிருந்து. ஆக, கார்புரேட்டருக்குப் போவது கீழடுக்கு. இ20-இல் இந்தக் கீழடுக்கு பழைய 10 சதவீதக் கலப்பில் இருந்ததைப்போல இரு மடங்கு தடிமனாக இருக்கும்.

பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றும் டூ ஸ்ட்ரோக் மெஷினில் இது இன்னும் கொடியது. அப்படிக் கலக்கும் 2டி ஆயில் மேலடுக்குப் பெட்ரோலோடுதான் நிற்கும். கீழடுக்கில் ஆயில் இல்லை. அதைக் குடித்து ஓடும் இன்ஜின் வறண்டு ஓடுகிறது. ஒரு நிமிடம் ஓடி "கிரீச்" என்று நின்றுவிட்டது என்று மெக்கானிக் கடைக்கு வரும் மெஷின்களில் இப்படிப் பிடித்துக்கொண்டவையும் உண்டு.

குளிரில் தாங்கும் அளவு குறையும். வால்பாறையிலும் குன்னூரிலும் தேயிலை வெட்டும் மெஷின் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பகலில் தெளிவாக இருந்த கேன் பெட்ரோல் மார்கழி இரவுக் குளிரில் கலங்கிப் பிரியலாம். காலையில் வெயில் ஏறினாலும், குலுக்காதவரை அது தானாகச் சேர்ந்துவிடும் என்று நம்பக்கூடாது.

மூடி போட்டுத்தானே வைத்திருக்கிறேன், தண்ணீர் எங்கிருந்து வரும்?

எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிறது என்று சொல்வது உண்மைதான். ஆனால் மூடிய கேனில் அது மெதுவாக நடக்கும். அதிகமாகத் தண்ணீர் வரும் வழிகள் வேறு. பாதி காலியான டேங்கின் உட்சுவரில் இரவில் வியர்க்கும் ஈரம். வாஷர் இல்லாத மூடி. மழையில் நனைந்த மெஷினின் மூடியைத் துடைக்காமல் திறப்பது. தண்ணீர் பைப்பால் மெஷினைக் கழுவுவது. கழுவிய கேனைக் காயவிடாமல் நிரப்புவது. அப்புறம், பங்கிலேயே நிலத்தடித் தொட்டியில் மழைத் தண்ணீர் இறங்கியிருந்தால் பிரிந்த பெட்ரோலே கைக்கு வந்துசேரும். கனமழை பெய்து ஊர் மிதக்கும் நாளில், தாழ்வான இடத்துப் பங்கில் கேனில் பிடிக்காமல் இருப்பது நல்லது.

என்னிடம் இருப்பது பிரிந்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது?

வெளிச்சம் ஊடுருவும் சின்னக் கண்ணாடி பாட்டிலில் கேனின் அடியிலிருந்து கொஞ்சம் எடுங்கள். டியூபை அடிவரை விட்டு எடுக்க வேண்டும், மேலாக ஊற்றிப் பார்த்தால் தெரியாது. வாயால் உறிஞ்சாதீர்கள், கைப்பம்பு போதும். பத்து நிமிடம் அசையாமல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நடுவில் ஒரு கோடு, அதற்குக் கீழே வேறு நிறத்தில் திரவம் தெரிந்தால் பிரிந்துவிட்டது. கோடு இல்லாமல் மங்கலாக, பால் துளி விட்டாற்போல இருந்தால் பிரியும் தறுவாயில் இருக்கிறது. இரண்டையும் இன்ஜினில் ஊற்றக்கூடாது. குலுக்கிக் கலந்து ஊற்றுவதும் வேண்டாம், கொஞ்ச நேரத்தில் மறுபடி பிரிந்துவிடும்.

எத்தனால் எவ்வளவு இருக்கிறது என்று வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

முடியும். திறந்த வெளியில், பக்கத்தில் அடுப்போ பீடியோ இல்லாத இடத்தில் செய்யுங்கள். 100 மில்லி கோடு போட்ட கண்ணாடி அளவுக்குழாய் ஒன்று வேண்டும். முதலில் 10 மில்லி தண்ணீர், அதன்மேல் 100 கோடு வரை பெட்ரோல். வாயை மூடி நன்றாகக் குலுக்கி, நடுவில் ஒருமுறை ஆவியைத் திறந்துவிட்டு, பதினைந்து நிமிடம் நிறுத்துங்கள். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து கீழே போய்விடும். 90 மில்லி இ20-இல் 18 மில்லி எத்தனால் இருக்கும். ஆக, 10-இல் நின்ற தண்ணீர்க் கோடு 25-ஐத் தாண்டி மேலே ஏறி நிற்கும். கோடு 10-லிருந்து நகரவே இல்லை என்றால் எத்தனால் இல்லை. மில்லி கணக்கில் துல்லியம் கிடைக்காது, கலப்பு 10-ஆ 20-ஆ என்று சொல்லும் அளவுக்குக் கிடைக்கும்.

அப்படியானால் தண்ணீர் விட்டே எத்தனாலைப் பிரித்தெடுத்துவிட்டு, மிச்சப் பெட்ரோலை ஊற்றலாமே?

வேண்டாம். யூடியூபில் பார்த்துச் சிலர் செய்கிறார்கள். எண்ணெய்க் கம்பெனி, எத்தனால் சேர்ந்த பிறகு ஆக்டேன் சரியாக வரும்படிதான் அடிப்படைப் பெட்ரோலைத் தயாரிக்கிறது. எத்தனாலை எடுத்துவிட்டால் கையில் மிஞ்சுவது ஆக்டேன் குறைந்த, ஈரம் கலந்த பெட்ரோல். லிட்டர் கணக்கில் பெட்ரோலைத் திறந்த பாத்திரத்தில் குலுக்கும்போது எழும் ஆவி தரையோடு ஊர்ந்து போய், தூரத்தில் இருக்கும் நெருப்பைத் தேடிப் பிடிக்கும். மிஞ்சிய தண்ணீரும் சாக்கடைக்குத்தான் போகும். எந்தக் கணக்கிலும் லாபமில்லை.

கேனில் எத்தனை நாள் வைக்கலாம்?

ஒரு மாதத்துக்குத் தேவையான அளவு மட்டும் வாங்குங்கள். இறுக மூடிய, முக்கால்வாசிக்கு மேல் நிறைந்த கேனில், நிழலில் இருந்தால் இன்னும் சில வாரம் தாக்குப்பிடிக்கும். ஆனால் நம் ஊர் வெக்கையில் ஒரு மாதம் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. ஆயில் கலந்த பெட்ரோலுக்கும் அதே கணக்கு. கேனில் வாங்கிய தேதியை மார்க்கரில் எழுதுங்கள். ஞாபகத்தை நம்பினால் "போன மாசம்தானே வாங்கினோம்" என்று ஐந்து மாதம் சொல்லிக்கொண்டிருப்போம்.

எதில் வைப்பது? தண்ணீர் பாட்டிலில் வாங்கலாமா?

கூடாது. குடிதண்ணீர் பாட்டில், குளிர்பான பாட்டில் எதுவும் பெட்ரோலுக்கானது அல்ல. ஆவி அழுத்தத்தில் உப்பும், மூடி கசியும். தண்ணீர் என்று நினைத்துக் குழந்தை வாயில் வைத்துவிடும் ஆபத்து எல்லாவற்றையும்விடப் பெரிது. பல பங்குகளில் பாட்டிலில் தர மறுக்கிறார்கள் என்று கோபப்படாதீர்கள், அவர்கள் செய்வது சரி.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியம் சட்டப்படி, விற்பனைக்கு அல்லாமல் சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கலாம். பாத்திரம் கண்ணாடியோ பீங்கானோ என்றால் 1 லிட்டருக்கு மிகாமல், உலோகம் என்றால் 25 லிட்டருக்கு மிகாமல், இறுக மூடியதாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஆகவே வாஷர் உள்ள, திருகு மூடி போட்ட 5 லிட்டர் உலோக கேன் ஒன்று வாங்கிவிடுங்கள். உள்ளே துரு தட்டாத பூச்சு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து வாங்கவும்.

நிரப்பும்போது கேனை வண்டியிலோ மடியிலோ வைக்காமல் தரையில் வைக்கச் சொல்லுங்கள். ஸ்டாட்டிக் மின்சாரத்தில் பொறி தட்டும் வாய்ப்பு அப்போது குறையும். கழுத்துவரை நிரப்பாமல் விரிய ஒரு கை இடம் விடுங்கள். வீட்டுக்குள், அதுவும் சமையலறைக்கும் பூஜை அறைக்கும் பக்கத்தில், வைக்கவே கூடாது. காற்றோட்டமுள்ள கொட்டகையில், சிமெண்ட் தரையில் நேராக வைக்காமல் ஒரு பலகை மேல் வையுங்கள், அடித்தகடு துருப்பிடிக்காது.

சீசன் முடிந்துவிட்டது. டேங்கைக் காலி செய்து வைப்பதா, நிரப்பி வைப்பதா?

ஒரு மாதத்துக்கு மேல் தொடப்போவதில்லை என்றால் காலி செய்யுங்கள். பாதி டேங்கோடு விடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

டூ ஸ்ட்ரோக் மெஷினில் டேங்கைக் கவிழ்த்து வடித்துவிட்டு, ஸ்டார்ட் செய்து ஐடிலில் தானாக நிற்கும்வரை விடுங்கள். நின்ற பிறகு பிரைமர் பல்பை (பெட்ரோலை ஏற்றும் ரப்பர் குமிழ்) நாலைந்து தடவை அமுக்கி, சோக் போட்டு மறுபடி இழுங்கள். ஒன்றிரண்டு நொடி ஓடி நிற்கும். அதோடு கார்புரேட்டர் காலி.

ஃபோர் ஸ்ட்ரோக்கில், அதாவது ஜெனரேட்டர், பவர் வீடர், பெட்ரோல் மோட்டார் பம்புகளில், பெட்ரோல் வால்வை மூடிவிட்டு ஓட விட்டாலும் கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் புளோட் கிண்ணத்தின் அடியில் ஒரு ஸ்பூன் பெட்ரோல் மிஞ்சும். தொல்லை தருவதே அந்த ஒரு ஸ்பூன்தான். அது ஆவியாகிப் பிசினாகி, ஐடிலுக்குப் பெட்ரோல் தரும், நூல் நுழையாத பைலட் ஜெட்டை அடைத்துவிடும். கிண்ணத்தின் அடியில் வடிகால் ஸ்க்ரூ ஒன்று இருக்கும். அதைத் திருகி, கீழே ஒரு டப்பா பிடித்து, கடைசிச் சொட்டு வரை வடியுங்கள். பத்து நிமிட வேலைதான். அடுத்த சீசனில் கார்புரேட்டர் கழுவும் கூலி மிச்சம்.

இரும்பு டேங்கைக் காலி செய்து வைத்தால் உள்ளே துரு வராதா என்று கேட்பார்கள். வரும். வடித்து முடித்த பிறகு ஒரு மூடி இன்ஜின் ஆயிலை ஊற்றி டேங்கைச் சாய்த்துச் சாய்த்து உட்சுவரெல்லாம் படியவிடுங்கள். மறுபடி எடுக்கும்போது மிச்ச ஆயிலை வடித்துவிட்டுப் பெட்ரோல் போடலாம்.

ஜெனரேட்டர் எப்போது தேவைப்படும் என்றே தெரியாதே? புயல் சொல்லிக்கொண்டா வருகிறது?

இப்போதெல்லாம் நாலைந்து நாள் முன்னாலேயே சொல்கிறார்கள். 2018-இல் கஜா அடித்த பிறகு டெல்டாவில் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது சென்னையில் பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் வருடம் முழுக்க மூலையில் கிடந்த ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகாது. மெக்கானிக்கும் வரமாட்டார், பங்கிலும் கூட்டம் அலைமோதும்.

நான் சொல்லும் வழி இது. வருடம் முழுக்க டேங்கும் கார்புரேட்டரும் காய்ந்தே இருக்கட்டும். ஐப்பசி பிறந்ததும் 5 லிட்டர் புதுப் பெட்ரோல் வாங்கி, கொஞ்சம் ஊற்றி, ஃபேன் இரண்டு, மோட்டார் ஒன்று என்று நிஜமான லோடு போட்டுக் கால் மணி நேரம் ஓட்டுங்கள். பெட்ரோல் வால்வை மூடி, தானாக நிற்கும்வரை விட்டு, கிண்ணத்தை வடித்துவிடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை இதையே செய்யுங்கள். மாதம் முடிந்தும் மிஞ்சுகிற கேன் பெட்ரோலை பைக்கில் ஊற்றிக் காலி செய்துவிட்டுப் புதிது வாங்குங்கள். தை பிறந்தால் எல்லாவற்றையும் காலி செய்யலாம்.

ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ, பால்கனியிலோ, ஜன்னலுக்குக் கீழேயோ ஓட்டாதீர்கள். மழைக்குப் பயந்து உள்ளே இழுத்து வைத்து ஓட்டி, புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடால் குடும்பமே தூக்கத்தில் போனது உண்டு. இந்தப் பக்கத்தின் விஷயம் எத்தனால்தான், இருந்தாலும் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

2டி ஆயில் கலக்கும் அளவை இ20-க்காகக் கூட்ட வேண்டுமா?

வேண்டாம். ஆயிலைக் கூட்டினால் அந்த இடத்தில் பெட்ரோல் குறையும், கலவை இன்னும் லீனாகும். கையேடு 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 40-க்கு 1 என்றால் 25 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. ஜாஸோ எஃப்டி (டூ ஸ்ட்ரோக் ஆயிலுக்கான ஜப்பானியத் தரம்) என்று டப்பாவில் போட்ட ஆயிலாக வாங்குங்கள். மூடியால் குத்துமதிப்பாக ஊற்றாமல், மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசி இல்லாத சிரிஞ்சால் அளந்து ஊற்றலாம். ஒவ்வொரு முறை டேங்கில் ஊற்றும் முன்பும் கேனைக் குலுக்குங்கள்.

சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் நின்றுவிடுகிறது. ஜெனரேட்டர் ஏறி இறங்கி ஓடுகிறது. என்ன காரணம்?

கிட்டத்தட்ட நிச்சயமாக பைலட் ஜெட் அடைப்பு. கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் வெள்ளைப் பொடி, சில நேரம் பச்சை படிந்த பித்தளை, மூலையில் கோந்து போன்ற பழுப்புப் படலம் தெரியும். வெள்ளைப் பொடி, ஈரமேறிய எத்தனால் அலுமினியத்தை அரித்ததன் மிச்சம். பச்சை, பித்தளை அரிப்பு. பழுப்பு, ஆவியான பெட்ரோலின் பிசின். ஜெட்டைக் கழற்றி கார்புரேட்டர் கிளீனர் அடித்து, காற்றுப் பிடித்து, வெளிச்சத்துக்கு நேரே வைத்துப் பாருங்கள். துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். கம்பி விட்டுக் குத்தாதீர்கள். துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் அளவு போய்விடும். கிண்ணத்தின் உட்புறம் குழி குழியாக அரித்திருந்தால் கழுவுவதில் பயனில்லை, புது கார்புரேட்டரே மலிவு.

பழைய மெஷினில் இ20 போட ஆரம்பித்த புதிதில் ஃபில்டர் அடிக்கடி அடைக்கும். எத்தனால் நல்ல கரைப்பான், டேங்கில் பல வருடம் படிந்த அழுக்கையெல்லாம் கிளப்பிவிடும். இரண்டு ஃபில்டர் மாற்றினால் பிறகு அடங்கிவிடும்.

எந்தெந்த உதிரி பாகம் முதலில் போகும்?

ரப்பர் சமாச்சாரம். மட்டமான ரப்பர் டியூப் எத்தனாலில் ஊறி உப்பும், பிறகு காய்ந்து வெடிக்கும். டியூபை விரலால் மடித்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தாலோ, பிசுபிசுவென்று கையில் ஒட்டினாலோ மாற்றிவிடுங்கள். பிரைமர் பல்பு விறைத்துப்போகும். செயின்சா, பிரஷ் கட்டர் கார்புரேட்டரில் உள்ள டயாபிரம் என்ற மெல்லிய சவ்வு தன் மென்மையை இழந்து "டக் டக்" என்று சத்தம் போடும் அளவுக்கு விறைத்தால், மெஷின் ஆக்சிலரேட்டர் ஏற்றும்போது திணறும். கார்க் வாஷர் ஊறி உதிரும். விட்டான் என்று கேட்டால் கடையில் தரும் ஃப்ளோரோ ரப்பர் ஓரிங், டியூப் எத்தனாலை நன்றாகத் தாங்கும். விலை கூடுதல்தான், ஆனால் ஒருமுறை போட்டால் கவலையில்லை. தோளில் சுமக்கும் மெஷினில் டியூப் கசிந்தால் பெட்ரோல் சொட்டுவது சூடான சைலன்சர் மேல். ஒரு முழம் டியூபில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

ஸ்டெபிலைசர் என்று ஒரு பாட்டில் விற்கிறார்களே, வாங்கலாமா?

பெட்ரோல் காற்றோடு சேர்ந்து பிசினாவதை அது தள்ளிப்போடும், புதுப் பெட்ரோலில் முதல் நாளே கலந்தால். பழையதைப் புதிதாக்காது. பிரிந்ததைச் சேர்க்காது. கிண்ணத்தை வடிக்கும் பழக்கம் இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு இது தேவையே இல்லை.

எத்தனால் இல்லாத பெட்ரோல் எங்கேயாவது கிடைக்குமா?

இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி100 எத்தனால் கலக்காதது. பெரிய நகரங்களில் சில பங்குகளில் மட்டும் கிடைக்கும், விலை சாதாரணப் பெட்ரோலைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல். பெயரில் எக்ஸ்பி இருப்பதால் எல்லாமே எத்தனால் இல்லாதது என்று நினைக்க வேண்டாம். 95 ஆக்டேன் வகையில் எத்தனால் உண்டு. 100 ஆக்டேனால் பிரஷ் கட்டருக்குக் கூடுதல் சக்தி எதுவும் வராது. தினமும் ஓட்டுகிறவருக்கு இது வீண் செலவு. வருடத்தில் சில நாள் மட்டும் எடுக்கும் விலையுயர்ந்த செயின்சாவுக்கு, கடைசி ஓட்டத்தில் அரை லிட்டர் இதை ஊற்றி ஓட்டிவிட்டு வடித்து வைப்பது நியாயமான செலவுதான். வாங்கும்போது மேலே சொன்ன தண்ணீர்ச் சோதனையை ஒருமுறை செய்து பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டினால் எத்தனால் பாதிப்பு குறையுமா?

குறையாது. மண்ணெண்ணெய்க்கு ஆக்டேன் மிகக் குறைவு, இன்ஜின் தட்டும், கரி பிடிக்கும். மண்ணெண்ணெயில் ஓடுவதற்கென்றே செய்த பம்பு செட்டு வேறு.

கெட்டுப்போன பெட்ரோலை என்ன செய்வது?

வாசனை பெயின்ட் கடை மாதிரி மாறாமல், அடுக்கு பிரியாமல், வெறுமனே இரண்டு மாதம் பழையதாக இருந்தால், ஆயில் கலக்காத பெட்ரோலை பைக்கிலோ காரிலோ நிறைந்த டேங்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துத் தீர்த்துவிடலாம். பத்துக்கு ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். பிரிந்துபோனதையும், வார்னிஷ் வாசனை அடிப்பதையும் எந்த இன்ஜினிலும் ஊற்றாதீர்கள். சாக்கடையிலோ வயல் வரப்பிலோ கொட்டாதீர்கள், கிணற்றுக்குப் போய்ச் சேரும். குப்பை எரிக்க ஊற்றுவதும் வேண்டாம், தீ கை வரைக்கும் ஏறி வரும். பழைய ஆயில் சேர்த்துக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப் ஒன்று பக்கத்து டவுனில் இருக்கும். கேன் மேல் "கெட்ட பெட்ரோல்" என்று எழுதி, ஆயிலோடு கலக்காமல் தனியாக அங்கே ஒப்படையுங்கள்.